அல்புமினும் அதன் அண்ணனும்: ரத்தப் புரதங்கள், டியூமர் மார்க்கர்கள் பற்றி ஒரு தொடக்கப் பாடம்

ஒரு ரிப்போர்ட்டில் இரண்டு வரிகள் இருக்கின்றன. ஒன்று, "அல்புமின்: டெசிலிட்டருக்கு 4.0 கிராம்". நாலு வரி தள்ளி இன்னொன்று, "ஏ.எஃப்.பி.: மில்லிலிட்டருக்கு 6 நானோகிராம்". முதல் வரியை யாரும் கண்டுகொள்வதில்லை. இரண்டாவதற்கு மேலே "டியூமர் மார்க்கர்" என்று தலைப்பு இருப்பதால், எண் நார்மலாக இருந்தாலும் கவுன்டரிலேயே ஆளுக்கு வியர்த்துவிடுகிறது.

உண்மையில் இவை இரண்டும் அண்ணன் தம்பி. வயிற்றில் இருக்கும் சிசுவின் ரத்தத்தில் அல்புமினுக்கு முன்பே வந்து பெருமளவில் இருப்பது ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன். அதன் சுருக்கம்தான் ஏ.எஃப்.பி. இரண்டின் ஜீன்களும் 4-ஆம் குரோமோசோமில் அக்கம்பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டுக்கும் முக்கியமான பட்டறை கல்லீரல்தான். குழந்தை பிறந்ததும் அண்ணன் மெல்ல ஒதுங்க, தம்பி பொறுப்பை எடுத்துக்கொள்கிறது. பச்சைக் குழந்தையின் ரத்தத்தில் ஏ.எஃப்.பி. ஆயிரக்கணக்கான நானோகிராமில் இருக்கும். ஒரு வயது வாக்கில்தான் பெரியவர்களின் அளவுக்கு இறங்கும். இரண்டு மாதக் குழந்தையின் ரிப்போர்ட்டில் "10-க்குள் நார்மல்" என்ற பெரியவர்களின் எல்லையை அச்சடித்துக் கொடுத்துவிட, பெற்றோர் தூக்கம் கெட்டுத் திரிவது இதனால்தான்.

கல்லீரல் செல் புற்றாக மாறும்போது, தூங்கிக்கொண்டிருந்த அந்தப் பழைய ஜீன் மறுபடி விழித்துக்கொள்கிறது. மஞ்சள் காமாலையில் சேதமான கல்லீரல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும்போதும் விழிக்கிறது. கர்ப்பிணிக்கு, சிசுவின் ஏ.எஃப்.பி. தாயின் ரத்தத்துக்கு வந்து சேர்கிறது. மூன்றிலும் எண் ஏறும். மூன்றுக்கும் பொருள் வேறு. டியூமர் மார்க்கர் என்பது புற்றுநோய் மட்டுமே சுரக்கும் ஏதோ விஷம் என்ற எண்ணத்தை இங்கேயே கழற்றி வைத்துவிட வேண்டும். பெரும்பாலும் அது உடம்பின் சொந்தச் சரக்கு, அளவு மீறியோ காலம் தப்பியோ ரத்தத்தில் வந்து நிற்கிறது.

40 லட்சம் மடங்கு

அல்புமின் லிட்டருக்கு 40 கிராம். ஏ.எஃப்.பி.-யின் மேல் எல்லை பல லேப்களில் மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம், அதாவது லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். வகுத்துப் பார்த்தால் வித்தியாசம் 40 லட்சம் மடங்கு. ஓர் அரிசியின் எடை சுமார் 20 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், 26 கிலோ சிப்பம் மூன்றைக் கொட்டி அதில் ஒரே ஒரு அரிசியைத் தேடுகிற கணக்கு.

லேபில் இரண்டு தனி உலகம் இருப்பதற்குக் காரணம் இந்த அளவுதான். கிராம் கணக்கில் இருக்கும் அல்புமினுக்குச் சாயம் போதும். நிறம் மாறுவதைக் கருவி படித்துவிடும். நானோகிராம் கணக்கில் இருப்பதைச் சாயம் கண்டுபிடிக்காது. அதற்கு, குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடி வேண்டும்.

குழாயில் இறங்குவதற்கு முன்பே கெடும் எண்கள்

சேலம் பக்கத்தில் சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரி பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். குச்சிக்கிழங்குப் பாலைத் தொட்டியில் விட்டால் மாவு அடியில் தங்கும், தண்ணீர் மேலே தெளியும். ரத்தமும் அப்படித்தான், செல்கள் அடியில், மஞ்சள் நீர் மேலே. சென்ட்ரிஃபியூஜ் அந்தக் காத்திருப்பைப் பத்து நிமிடமாகச் சுருக்குகிறது, அவ்வளவே.

ஆனால் அந்த மஞ்சள் நீர் இரண்டு வகை. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கலந்த குழாயில் எடுத்துச் சுற்றினால் மேலே நிற்பது பிளாஸ்மா. உறையவிட்டுச் சுற்றினால் கிடைப்பது சீரம். உறையும்போது ஃபைப்ரினோஜன் என்ற புரதம் செலவாகிவிடும். சீரத்தில் அது இருக்காது. டெசிலிட்டருக்கு 200 முதல் 400 மில்லிகிராம் வரை உள்ள சரக்கு அது. அதனால் பிளாஸ்மாவில் மொத்தப் புரதம் 0.2 முதல் 0.4 கிராம் கூடுதலாகக் காட்டும். "பிளாஸ்மா புரதங்கள்" என்று புத்தகத்தில் படித்தாலும், அன்றாடம் நாம் அளப்பது பெரும்பாலும் சீரத்தைத்தான்.

ரத்தம் எடுக்க வந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார வையுங்கள். வெயிலில் பஸ் பிடித்து வந்தவரை அப்படியே கையை நீட்டச் சொல்லாதீர்கள். படுத்திருந்தவர் எழுந்து நின்றால் ரத்தத்திலிருந்து நீர் திசுக்களுக்கு வெளியேறும். புரதம் உள்ளேயே தங்கும். மொத்தப் புரதம் 10 சதவீதம் வரை ஏறிக் காட்டலாம். வார்டில் படுத்த நிலையில் எடுத்த அல்புமினையும், டிஸ்சார்ஜ் ஆன பிறகு ஓ.பி.-யில் நடந்து வந்து கொடுத்த அல்புமினையும் ஒப்பிட்டு "தேறிவிட்டார்" என்று சொல்வதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

ரத்தம் எடுக்கக் கையில் இறுக்கிக் கட்டும் பட்டையான டூர்னிகே விஷயமும் இதே கதைதான். முழங்கைக்கு நாலு விரல் மேலே கட்டி, ஒரு நிமிடத்துக்குள் அவிழ்த்துவிட வேண்டும். நரம்பு கிடைக்கவில்லை என்று மூன்று நிமிடம் இறுக்கி வைத்திருந்தால் நீர் கசிந்து வெளியேறி, புரதமும் அதனுடன் ஒட்டிக்கொண்டிருக்கும் கால்சியமும் கூடுதலாகத் தெரியும். கிடைக்காவிட்டால் அவிழ்த்து, இரண்டு நிமிடம் விட்டு, அடுத்த கையில் பாருங்கள்.

சிவப்பு மூடிக் குழாயோ மஞ்சள் மூடி ஜெல் குழாயோ, எடுத்ததும் மென்மையாக ஐந்து தடவை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. பிறகு அறை வெப்பத்தில் நிமிர்த்தி அரை மணி நேரம் விட வேண்டும். கூட்டம் அதிகம் என்று பத்து நிமிடத்திலேயே சுற்றினால், சுற்றிய பிறகும் சீரத்துக்குள் உறைதல் தொடரும். கண்ணுக்குத் தெரியாத ஃபைப்ரின் நூல் கருவியின் ஊசியை அடைக்கும். ஊசி பாதி சீரத்தை உறிஞ்சிவிட்டு முழு அளவு எடுத்ததாக நினைத்துக்கொள்ளும். விளைவு, காரணமே தெரியாத குறைந்த எண். ஹெபாரின், வார்ஃபாரின் எடுப்பவர்களுக்கு உறைய இன்னும் நேரம் ஆகும். அவர்களுடைய குழாயை அவசரப்படுத்தவே கூடாது.

சென்ட்ரிஃபியூஜில் "3000 ஆர்.பி.எம்., பத்து நிமிடம்" என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். அந்த எண் பாதி உண்மைதான். ரோட்டரின் ஆரம் 10 சென்டிமீட்டர் என்றால் 3000 சுற்றில் கிடைப்பது சுமார் 1000 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல ஆயிரம் மடங்கு விசை. ஆரம் 15 என்றால் அதே சுற்றில் 1500 ஜி. குழாய் தயாரிப்பாளர் கேட்பது ஜி-யில். பழைய மெஷினை விற்றுவிட்டு வேறு அளவில் ஒன்று வாங்கினால், ஆரத்தை ஸ்கேல் வைத்து அளந்து, கணக்குப் போட்டு, ஸ்டிக்கரை மாற்றுங்கள்.

ஏற்காட்டில் எடுத்த ரத்தம் சேலம் இறங்குவதற்குள் 20 கொண்டை ஊசி வளைவுகளைப் பார்க்கிறது. சுற்றாத குழாயை பைக்கின் பக்கப் பெட்டியில் போட்டு அனுப்பினால் சிவப்பணுக்கள் உடைந்து சீரம் ரோஸ் நிறத்தில் வந்து சேரும். மலையில் குளிர், அடிவாரத்தில் ஏப்ரல் மே மாதத்து வெயில், இரண்டும் ஒரே மணி நேரத்தில். உடைந்த செல்லின் ஹீமோகுளோபினும் புரதம்தான். மொத்தப் புரதத்தில் அது சேர்ந்துகொள்ளும். என்.எஸ்.இ. என்ற மார்க்கர் இன்னும் மோசம். சிறு செல் வகை நுரையீரல் புற்றில் பார்க்கப்படும் அது சிவப்பணுவுக்குள்ளும் பிளேட்லெட்டுக்குள்ளும் இயல்பாகவே இருக்கிறது. ஹீமோலைஸ் ஆன, அதாவது சிவப்பணு உடைந்து கலந்த சீரத்தில் என்.எஸ்.இ. பார்த்தால், அளந்தது கட்டியை அல்ல, ரோட்டைத்தான். ஆகவே மலையிலேயே சுற்றி, சீரத்தைப் பிரித்து, ஜெல் பேக் வைத்த பெட்டியில் நிமிர்த்தி இறக்குவதுதான் முறை. பிரிக்காத ரத்தத்தை நேரடியாக ஐஸ்மேல் வைப்பதும் தப்பு. அதனாலும் செல் உடையலாம், பொட்டாசியமும் கசியும். எடுத்ததிலிருந்து பிரிப்பது வரை இரண்டு மணி நேரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

சாயம் சொல்லும் கதை

மொத்தப் புரதத்துக்குப் பயூரெட் முறை. காரக் கரைசலில் உள்ள செம்பு, புரதத்தின் பெப்டைடு பிணைப்புகளைப் பிடித்துக்கொண்டு ஊதா நிறமாகும். 540 நானோமீட்டரில் படிக்கிறோம். எந்தப் புரதமானாலும் பெப்டைடு பிணைப்பு உண்டு என்பதால் இது பாரபட்சம் பார்க்காது. நார்மல் சுமாராக 6 முதல் 8.3 கிராம்.

அல்புமினுக்கு புரோமோகிரெசால் கிரீன் என்ற சாயம், பி.ஹெச். 4.2 வாக்கில். மஞ்சள் பச்சையாக இருந்தது நீலப் பச்சையாகும், 628 நானோமீட்டர். இந்தச் சாயத்துக்கு ஒரு கெட்ட பழக்கம்: முதலில் அல்புமினைப் பிடிக்கும், நேரம் போகப் போகக் குளோபுலின்கள் என்ற மற்றப் புரதங்களையும் பிடிக்க ஆரம்பிக்கும். அதனால் கலந்து அரை நிமிடம், ஒரு நிமிடத்துக்குள் படித்துவிட வேண்டும். கையால் செய்யும் சிறிய லேபில் பத்து டியூப்புக்கும் சாயம் ஊற்றிவிட்டு வரிசையாகப் படித்தால், முதல் ஆளுக்கும் பத்தாவது ஆளுக்கும் நீதி ஒன்றாக இருக்காது. அல்புமின் மிகக் குறைந்தவர்களிடம்தான் இந்தப் பிழை பெரிதாகும், 2.0 இருக்க வேண்டியது 2.5 என்று வரும்.

குளோபுலினை யாரும் அளப்பதில்லை. மொத்தத்திலிருந்து அல்புமினைக் கழித்தால் வருவதுதான் அது. இரண்டு அளவீட்டிலும் உள்ள பிழைகள் வந்து சேரும் இடமும் அதுவே. ஆனாலும் இந்தக் கழித்தல் கணக்கை அலட்சியப்படுத்தாதீர்கள். மொத்தப் புரதம் 9.8, அல்புமின் 3.1 என்று ஒரு ரிப்போர்ட் வந்தால் குளோபுலின் 6.7. அறுபது வயதுக்காரர், முதுகுவலி, ஹீமோகுளோபின் 8, ஈ.எஸ்.ஆர். (சிவப்பணு படியும் வேகம்) 120 என்று அதே ஆளின் மற்ற வரிகளும் சேர்ந்தால், மைலோமா என்ற புற்றைச் சந்தேகிக்க வேண்டும்; அடுத்த படி, கீழே வரும் எலக்ட்ரோஃபோரெசிஸ்தான். பல வீடுகளில் "புரதம் நல்லா இருக்கு" என்று சந்தோஷப்படுவது இந்த ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான்.

அல்புமினைப் பற்றி இன்னொன்று. கல்லீரல் ஒரு நாளைக்கு 10 முதல் 15 கிராம் அல்புமின் செய்கிறது. அதன் அரை ஆயுள் சுமார் 20 நாள். நேற்று வந்த காமாலையில் அல்புமின் குறையாது. குறைந்திருந்தால் கல்லீரல் பல வாரமாகவே தள்ளாடுகிறது, அல்லது சிறுநீரகம் வழியாக ஒழுகுகிறது, அல்லது உடம்பில் எங்கோ அழற்சி. அழற்சி வந்தால் கல்லீரல் சி.ஆர்.பி. போன்ற புரதங்களைச் செய்வதில் இறங்கிவிட்டு அல்புமினைக் குறைத்துக்கொள்ளும். நாள் ஒன்றுக்கு 3.5 கிராமுக்கு மேல் சிறுநீரில் புரதம் போகிறவருக்கு, ஒழுகலை நிறுத்தாமல் முட்டை வெள்ளைக்கருவைக் கூட்டிக்கொண்டே போவதில் பலன் இல்லை.

ஜெல்லில் ஓடும் ஓட்டம்

எலக்ட்ரோஃபோரெசிஸ் என்பது புரதங்களுக்கு வைக்கும் ஓட்டப் பந்தயம். பி.ஹெச். 8.6 உள்ள பஃபரில் சீரப் புரதங்கள் எதிர்மின் சுமை பெறும். அகரோஸ் ஜெல்லில் ஒரு கோட்டில் சீரத்தை வைத்து மின்சாரம் கொடுத்தால் அவை நேர்மின் முனையை நோக்கி ஓடும். அல்புமின் முந்திக்கொண்டு போகும். பின்னால் ஆல்ஃபா 1, ஆல்ஃபா 2, பீட்டா. கடைசியில் காமா, அதாவது ஆன்டிபாடிகள். பிறகு சாயமிட்டு, ஸ்கேன் செய்தால் மலைமேடு மாதிரி ஒரு வரைகோடு கிடைக்கும். எலக்ட்ரோஃபோரெசிஸை 1930-களில் வளர்த்தெடுத்த ஸ்வீடன் விஞ்ஞானி ஆர்னே டிசேலியஸுக்கு 1948-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

காமா பகுதியைத்தான் முதலில் பார்க்கப் பழக வேண்டும். நாள்பட்ட தொற்று, கல்லீரல் நோய் போன்றவற்றில் பல குல செல்கள் பலவித ஆன்டிபாடிகளைச் செய்வதால் மேடு அகலமாக எழும். சேலத்திலிருந்து வடக்கே பார்த்தால் தெரியும் சேர்வராயன் மலைத்தொடர் மாதிரி. எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றான மல்டிபிள் மைலோமாவில் ஒரே குலச் செல் ஒரே ஆன்டிபாடியைக் கோடிக்கணக்கில் செய்கிறது. எல்லாம் ஒரே வேகத்தில் ஓடி ஒரே இடத்தில் நிற்பதால் கொடிமரம் மாதிரி குறுகி உயரும். அதுதான் எம் பேண்ட்.

இங்கேதான் புதியவர்கள் சறுக்குவார்கள். சீரத்துக்குப் பதில் பிளாஸ்மா வந்திருந்தால், அல்லது சரியாக உறையாத ரத்தம் வந்திருந்தால், பீட்டாவுக்கும் காமாவுக்கும் நடுவில் ஃபைப்ரினோஜன் ஒரு மெல்லிய கோடாக வந்து உட்காரும். பார்ப்பதற்கு அச்சு அசல் சின்ன எம் பேண்ட்தான். அந்த இடத்தில் கோடு தெரிந்தால் ரிப்போர்ட் எழுதுவதற்கு முன் எழுந்து போய்க் குழாயின் மூடி நிறத்தைப் பாருங்கள். ஹீமோலைஸ் ஆன சீரத்தில் ஆல்ஃபா 2, பீட்டா பக்கம் இதே மாதிரி போலிக் கோடு வரும். உண்மையான எம் பேண்ட் என்றாலும் அது உடனே மைலோமா என்று ஆகாது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் சிலருக்கு நோய் எதுவும் இல்லாமலே சின்ன எம் பேண்ட் இருக்கும். அவர்களில் வருடத்துக்கு நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் அது நோயாக வளர்கிறது. எந்த ஆன்டிபாடி என்று வகை பிரிக்க இம்யூனோஃபிக்சேஷன் என்ற சோதனை வேண்டும்.

சில மைலோமா நோயாளிகளிடம் ஆன்டிபாடியின் லேசான சங்கிலி மட்டும் உற்பத்தியாகும். அது சின்ன மூலக்கூறு. சிறுநீரில் வழிந்து போய்விடும். சீரத்தில் கொடிமரம் தெரியாது. 1840-களில் லண்டன் மருத்துவர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் விவரித்தது இதைத்தான். அந்தச் சிறுநீரைச் சூடாக்கினால் 40 முதல் 60 டிகிரிக்குள் கலங்கும், கொதிநிலை நெருங்கும்போது தெளியும், ஆறினால் திரும்பக் கலங்கும். வரலாற்றின் முதல் டியூமர் மார்க்கர் என்று இதைத்தான் சொல்கிறார்கள். இன்றைய யூரின் ஸ்ட்ரிப் இதைக் காட்டாது, ஸ்ட்ரிப்புக்கு அல்புமின் மட்டும்தான் தெரியும். ஸ்ட்ரிப்பில் நெகட்டிவ், பழைய சல்போசாலிசிலிக் அமிலச் சோதனையில் நன்றாகக் கலங்குகிறது என்றால் காது நிமிர வேண்டும்.

நானோகிராமைப் பிடிக்கும் கொக்கி

மார்க்கர்களை அளப்பது பெரும்பாலும் சாண்ட்விச் முறையில். சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் ஒரு கொலுசைக் கற்பனை செய்யுங்கள். ஒரு முனையில் கொக்கி, மறுமுனையில் வளையம். காந்தத் துகளில் ஒட்டிய முதல் ஆன்டிபாடி ஒரு முனையைப் பிடிக்கும். ஒளி தரும் பொருள் கட்டிய இரண்டாவது ஆன்டிபாடி மறுமுனையைப் பிடிக்கும். பிறகு கழுவினால், இரண்டு பக்கமும் பிடிபட்டது மட்டும் தங்கி ஒளிரும். எவ்வளவு ஒளியோ அவ்வளவு மார்க்கர். கழுவுவது சரியில்லை என்றால், ஒட்டாத இரண்டாவது ஆன்டிபாடியும் தங்கி, எல்லோருக்கும் எண் ஏறும்.

மார்க்கர் அளவுக்கு மீறிக் குவிந்துவிட்டால் வேறு விபரீதம் நடக்கும். முதல் ஆன்டிபாடிகள் எல்லாம் ஆளுக்கொரு கொலுசைப் பிடித்துக்கொள்ள, இரண்டாவது ஆன்டிபாடிகள் வேறு கொலுசுகளைப் பிடித்துக்கொண்டு தண்ணீரோடு போய்விடும். ஒளி குறையும். ஒரு லட்சம் இருக்க வேண்டிய இடத்தில் சில நூறு என்று வரும். ஹுக் எஃபெக்ட் என்று இதற்குப் பெயர். இரண்டு ஆன்டிபாடிகளையும் ஒரே நேரத்தில் கலக்கும் முறைகளில்தான் அதிகம். ஸ்கேனில் பெரிய கட்டி, எண்ணோ சாதாரணம் என்றால் சீரத்தைப் பத்தில் ஒன்றாக, நூறில் ஒன்றாக நீர்த்துத் திரும்ப ஓட்டுங்கள். நீர்க்க நீர்க்க எண் ஏறினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

முடி உதிர்வுக்கு என்று 5, 10 மில்லிகிராம் பயோட்டின் மாத்திரையைக் கேட்காமலே வாங்கிச் சாப்பிடுகிற பழக்கம் பெருகிவிட்டது. பல கருவிகள் ஆன்டிபாடியைத் துகளில் ஒட்ட பயோட்டின், ஸ்ட்ரெப்டாவிடின் ஜோடியைத்தான் பசையாகப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் மிதக்கும் மாத்திரை பயோட்டின் அந்தப் பசையைத் தின்றுவிட்டால் சாண்ட்விச் சோதனையில் எண் பொய்யாகக் குறையும். 2017-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு எச்சரிக்கையே விட்டது. ரத்தம் எடுக்கும்போது "மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும், வைட்டமினை யாரும் மாத்திரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. "முடிக்கு, தோலுக்கு ஏதாவது?" என்று தனியாகக் கேளுங்கள். எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்பது கிட்டின் காகிதத்தில் இருக்கும்.

இன்னொரு சின்ன விஷயம்: கர்ப்பப்பை வாய்ப் புற்று போன்றவற்றில் பார்க்கும் எஸ்.சி.சி. என்ற மார்க்கர் தோலிலும் எச்சிலிலும் உண்டு. திறந்த குழாய்க்கு மேலே பேசிக்கொண்டே வேலை செய்தால் நோயாளியின் எண்ணில் நம்முடையதும் சேரும். மாஸ்க் போடுவது கிருமிக்காக மட்டும் இல்லை.

எந்த மார்க்கர், எதற்கெல்லாம் ஏறும்

பி.எஸ்.ஏ. புராஸ்டேட் சுரப்பியின் புரதம். புற்றின் புரதம் அல்ல. சுரப்பி வீங்கினாலும், சிறுநீரில் கிருமி வந்தாலும், கதீட்டர் போட்டாலும் ஏறும். ரத்தம் கொடுப்பதற்கு முன் இரண்டு நாள் உடலுறவைத் தவிர்க்கச் சொல்வதும், தொற்று இருந்தால் ஆறு வாரம் தள்ளிப் பார்ப்பதும் இதற்காகத்தான். மில்லிலிட்டருக்கு 4 முதல் 10 நானோகிராம் என்பது இரண்டும்கெட்டான் பகுதி. அங்கே ஃப்ரீ பி.எஸ்.ஏ. எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். 25-க்கு மேல் என்றால் பயம் குறைவு, 10-க்குக் கீழ் என்றால் சந்தேகம் கூடும். இந்த ஃப்ரீ பகுதி குழாயில் சீக்கிரம் அழியும், மூன்று மணி நேரத்துக்குள் சீரம் பிரிக்காவிட்டால் சதவீதம் பொய்யாகக் குறைந்து சந்தேகத்தை வீணாகக் கூட்டும். புராஸ்டேட் வீக்கத்துக்கு ஃபினாஸ்டரைடு மாதக்கணக்கில் எடுப்பவருக்கு எண் பாதியாகிவிடும். அவருடைய 3 உண்மையில் 6 என்று படிக்க வேண்டும்.

சி.ஏ. 125 சினைப்பை மார்க்கர் என்று பெயர் வாங்கியிருக்கிறது. வழக்கமான எல்லை 35 யூனிட். மாதவிடாயில் ஏறும், கர்ப்பத்தில் ஏறும், கருப்பையின் உள்சவ்வு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸில் ஏறும். நம் ஊரில் மறக்கக் கூடாதது வயிற்றுக் காசநோய்: வயிற்றில் நீர், எடை குறைவு, சி.ஏ. 125 நூற்றுக்கணக்கில், எல்லாம் சினைப்பைப் புற்றுபோலவே இருக்கும். சி.ஏ. 19-9 கண்டிப்பாகச் சொன்னால் புரதமே அல்ல, ஒரு சர்க்கரைச் சங்கிலி. பித்தநாளத்தில் கல் அடைத்தாலும் எக்கச்சக்கமாக ஏறி, அடைப்பை எடுத்ததும் இறங்கிவிடும். லூயிஸ் என்ற ரத்தவகை இல்லாத, நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேரால் அதைச் செய்யவே முடியாது. அவர்களுக்குக் கணையப் புற்றே இருந்தாலும் எண் தரையில்தான் கிடக்கும். குடல் புற்றில் பார்க்கும் சி.இ.ஏ.-வுக்கு பீடி, சிகரெட் பழக்கத்தைக் கேட்டே ஆக வேண்டும்; புகைக்காதவருக்கு எல்லை 3 என்றால் புகைப்பவருக்கு 5.

இப்போது மாஸ்டர் செக்கப் பேக்கேஜ்களில் ஆண்களுக்கு மூன்று மார்க்கர், பெண்களுக்கு நாலு என்று சேர்த்துத் தள்ளுபடியில் விற்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்தாயிரம் பேர்; உண்மையில் நோய் உள்ளவர் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்வோம். சோதனை அவர்களில் எட்டுப் பேரைப் பிடிக்கிறது. நோய் இல்லாத 9,990 பேரில் நூற்றுக்கு ஐந்து பேருக்குத் தவறாக ஏறிக் காட்டினால் சுமார் 500 பேர். ஆக 508 பேர் கையில் "ஹை" என்று அச்சடித்த ரிப்போர்ட். அதில் உண்மை எட்டு. மற்ற 500 பேரும் ஸ்கேன், எண்டோஸ்கோப்பி என்று அலைவார்கள். நோய் உள்ள இரண்டு பேர் நார்மல் ரிப்போர்ட்டை நம்பி வீட்டில் இருப்பார்கள். அறிகுறி இல்லாதவருக்கு இவற்றைக் கொத்தாகப் பார்ப்பது வீண் செலவு என்பதை லேப்காரர்களே சொல்லத் தயங்கக் கூடாது. கல்லீரல் சுருங்கியவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டோடு ஏ.எஃப்.பி. பார்ப்பது வேறு, அங்கே நோய்க்கான வாய்ப்பே அதிகம்.

"ஏம்ப்பா, இதுல ஹைன்னு போட்டிருக்கே, கேன்சரா?" என்று கவுன்டரில் ஒரு பெரியவர் கேட்டால், "இந்த ஒரு நம்பரை வச்சு அப்படிச் சொல்ல முடியாதுங்கய்யா, இது வேற காரணத்துக்கும் ஏறும், டாக்டர்கிட்ட காட்டுங்க" என்பதுதான் சரியான பதில். "ஒண்ணும் இல்லை, பயப்படாதீங்க" என்று சொல்லவும் நமக்கு உரிமை இல்லை.

மார்க்கர் உண்மையில் உதவும் இடம்

சிகிச்சை தொடங்கிய பிறகுதான் இந்த எண்களுக்கு மவுசு. ஓர் உதாரணம்: கட்டியை எடுப்பதற்கு முன் ஏ.எஃப்.பி. 800. அதன் அரை ஆயுள் 5 முதல் 7 நாள்; 6 என்று வைப்போம். முழுவதும் எடுத்தாகிவிட்டது என்றால் 6-ஆம் நாள் 400, 12-ஆம் நாள் 200, 18-இல் 100, 24-இல் 50, 30-இல் 25, 36-இல் 12.5. ஆறு வாரம் ஆகும் 10-க்குக் கீழே போக. பத்தாம் நாள் பார்த்துவிட்டு "இன்னும் 250 இருக்கிறதே" என்று பதறுவதில் அர்த்தம் இல்லை. மாறாக 24-ஆம் நாள் 180-இல் நின்றுவிட்டது என்றால் எங்கோ மிச்சம் இருக்கிறது. பி.எஸ்.ஏ.-வுக்கு அரை ஆயுள் இரண்டு மூன்று நாள், கர்ப்ப ஹார்மோனும் மார்க்கருமான ஹெச்.சி.ஜி.-க்கு ஒன்று, ஒன்றரை நாள். கீமோ தொடங்கிய முதல் வாரத்தில் செல்கள் உடைந்து எண் ஒருமுறை எகிறுவதும் உண்டு. 5.1 இருந்தது 5.6 ஆனதை ஏற்றம் என்று எடுக்காதீர்கள். 25 சதவீதத்துக்கு மேல் ஏறி, திரும்ப எடுத்த ரத்தத்திலும் அது நின்றால்தான் பேச வேண்டும்.

இந்தப் பாதையைக் கெடுப்பது பெரும்பாலும் லேப் மாற்றம். லேபுக்கு லேப் கிட் வேறு, ஆன்டிபாடி கொலுசின் வேறு வேறு இடத்தைப் பிடிக்கிறது. ஒரே சீரத்துக்கு ஒரு கருவியில் 60, இன்னொன்றில் 85 வரலாம், இரண்டுமே தவறில்லை. அலகும் ஏமாற்றும்: ஏ.எஃப்.பி. சில இடத்தில் நானோகிராம், சில இடத்தில் சர்வதேச யூனிட். ஒரு யூனிட் சுமார் 1.21 நானோகிராம். ஆத்தூரில் ஒரு தடவை, சேலத்தில் ஒரு தடவை, சென்னையில் ஒரு தடவை பார்த்து மூன்று எண்ணையும் ஒரே கோட்டில் இணைத்தால் கிடைக்கும் படம் நோயின் படம் அல்ல. அதனால் ரிப்போர்ட்டில் எண்ணுக்குக் கீழே முறையின் பெயரும் கருவியின் பெயரும் இருக்க வேண்டும்.

லேபே கிட்டை மாற்றும்போது பொறுப்பு லேபின்மேல். தினமும் அளவு தெரிந்த இரண்டு நிலைக் கன்ட்ரோல் திரவம் ஓட்டி, லெவி ஜென்னிங்ஸ் என்ற தரக் கட்டுப்பாட்டுச் சார்ட்டில் புள்ளி வைத்து, 3 எஸ்.டி. (திட்ட விலக்கம்) தாண்டினால் நிறுத்துவது எல்லோரும் செய்வது. ஆனால் கன்ட்ரோல் திரவம் புதிய கிட்டில் ஒழுங்காக நடந்துகொண்டு, நோயாளி சீரம் மட்டும் இடம் மாறும் கூத்து உண்டு. ஆகவே தொடர் சிகிச்சையில் இருப்பவர்களின் மீதிச் சீரத்தைச் சின்னச் சின்ன மூடிக் குழாய்களில் பிரித்து, பெயர், தேதி எழுதி, மைனஸ் 20 டிகிரியில் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றும் நாளில் பழைய கிட்டிலும் புதியதிலும் அருகருகே ஓட்டி இரண்டு எண்ணையும் ரிப்போர்ட்டில் கொடுக்கலாம். வீட்டு ஃபிராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜின் ஃப்ரீசர் இதற்கு ஆகாது. ஐஸ் கட்டாமலிருக்க அது தினமும் தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும். சீரம் உருகி உருகி உறையும்.